என் பேத்தி இழுத்த படகு

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய மார்கழி அது. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சூளூர்பேட்டையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற புதிது.

எங்கள் பூர்வீகம் நகரி பக்கம் ஒரு எல்லைக் கிராமம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. என் நைனா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வம்சத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் நான்தான். என் மகள் அதற்கு மேலே ஒரு படி போனாள். திருப்பதியில் நர்ஸிங் படித்து குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஊரிலிருந்து ஆளாளுக்கு வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம். மருமகனும் அங்கேயே ஏசி மெக்கானிக். பேத்தி பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான்.

அந்த வருஷம் பேத்திக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூட லீவுக்கு அவளை மட்டும் எங்களிடம் அனுப்பி வைத்தாள் மகள். சென்னை விமான நிலையத்தில் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு, விமான கம்பெனிப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்து நடந்து வந்தாள். அரபு தேசத்தில் பிறந்த பிள்ளை, தமிழ் எப்படி இருக்குமோ என்று எனக்குள் ஒரு யோசனை. என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, எவ்ளோ நேரமா நின்னுக்கினு இருக்கீங்க?" அச்சு அசல் எங்கள் நகரிப் பேச்சு. அவள் அம்மா வீட்டில் அப்படித்தானே பேசுவாள், அது அப்படியே இவள் வாயில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பையை இறக்கியதும் இறக்காததுமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "எப்போ கொடுவா புடிக்கப் போறோம்?"

மீன் பிடிப்பது எங்கள் குலத்தொழில் இல்லை. வேலை நிமித்தம் பழவேற்காடு ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்ததில் எனக்குப் பிடித்த பைத்தியம் அது. வார லீவு கிடைத்தால் போதும், தூண்டிலும் கையுமாக ஏரிக்குப் போய்விடுவேன். அதிலும் கொடுவா என்றால் எனக்கு உயிர். கடலிலிருந்து ஏரிக்குள் ஏறி வருகிற பெரிய மீன். தூண்டிலில் மாட்டினால் சும்மா வராது. தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும், ஆளையே இழுத்துப் போடப் பார்க்கும். ஃபோனில் இந்தக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவளுக்கும் அந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்திருந்தேன்.

அவள் வந்த சமயம் பார்த்து வங்கக் கடலில் புயல். நாலைந்து நாள் வீட்டைவிட்டு யாரும் நகரவில்லை. பிறகு புயல் வடக்கே ஓங்கோல் பக்கம் நகர்ந்துவிட்டது என்று டி.வி.யில் சொன்னார்கள். மறுநாள் காலை வானம் மோடம் போட்டிருந்தது, தூறல் மட்டும். மோடம் போட்ட நாளில், ஏரித் தண்ணீர் கலங்கியிருக்கும்போது, கொடுவா நன்றாகக் கடிக்கும். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கிளம்பினோம்.

தடாவைத் தாண்டி ஏரிக்கரையில் எனக்குத் தெரிந்த மீனவர் ஒருவர் இருந்தார். அவருடைய சின்னப் படகைத்தான் எப்போதும் வாங்கிக்கொண்டு போவேன். "மத்தியானத்துக்குள்ள கரை ஏறிடுண்ணா" என்று சொல்லிக் கழியைக் கையில் கொடுத்தார். எங்கள் ஏரியில் துடுப்பு அவ்வளவாக வேலைக்கு ஆகாது. ஆழம் குறைவு, பல இடங்களில் இடுப்பளவு, மார்பளவுதான். மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும்.

பேத்தி கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு படகில் ஏறினாள். "ஏரிக்கு எதுக்கும்மா ஷூ?" என்று சிரித்தேன். "எனக்கு சேறு புடிக்காது தாத்தா" என்றாள்.

கரையிலிருந்து ஏரிக்குள் வரிசையாகக் கம்புகள் நட்டிருப்பார்கள். வலை கட்டுகிற கம்புகள். அந்த வரிசையை ஒட்டியே ரொம்ப தூரம் போய், அது முடிகிற இடத்தில் வடக்கே திரும்பி, ஆழமான ஓடை ஒன்றில் கல்லை இறக்கிப் படகை நிறுத்தினேன். உயிருள்ள இறாலைக் கொக்கியில் மாட்டி, அவள் கையில் துணியைச் சுற்றி, நூலைக் கொடுத்தேன்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. கொண்டுவந்திருந்த இட்லியைத் தின்றுவிட்டு அவள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் கை படகின் விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போனது.

"தாத்தா!"

"விடாத! ஆனா இழுக்காத. அது ஓடுனா நூலைக் கொடு. நின்னா வாங்கு."

நான் நூலைத் தொடவே இல்லை, சத்தியமாக. தூரத்தில் அந்த மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து தலையை உதறியபோது எனக்கே பகீர் என்றது. அவ்வளவு பெரிசு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்காலைப் படகின் விலாவில் முட்டுக் கொடுத்து, கொடுத்தும் வாங்கியும் அதைக் களைக்க வைத்துக் கிட்டே கொண்டுவந்துவிட்டாள். அவள் கால் நீளத்துக்கு இருந்தது. கண் கண்ணாடி மாதிரி ஜொலித்தது.

நான் குனிந்து செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கினேன். எத்தனையோ முறை செய்த வேலைதான். ஆனால் அது அத்தனை பலத்தோடு உதறும் என்று எதிர்பார்க்கவில்லை. கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. மீனும் நானும் சேர்ந்தே படகுக்குள் விழுந்தோம். எழுந்து பார்த்தால் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை கிழிந்து ரத்தம் கொட்டுகிறது.

மீன் படகை உடைப்பது போலத் துள்ளியது. அவள் யோசிக்கவே இல்லை, அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்! உட்கார்ந்தபடியே என் தோளிலிருந்த துண்டை உருவி, காயத்தின் மேல் வைத்து அழுத்தி, இறுக்கக் கட்டினாள்.

"கையத் தூக்கிக்கினே இருங்க தாத்தா. எறக்கக் கூடாது. அம்மா சொல்லிக் குடுத்துக்கிறாங்க."

நர்ஸ் பெற்ற பிள்ளை. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் வாடைக்காற்று வந்துவிட்டது. வடகிழக்கில் வானம் கறுத்து, அந்தக் கறுப்பு அப்படியே தண்ணீர் மேல் நடந்து வருவது தெரிந்தது. போன புயலின் மிச்சம். மழை சாய்வாக அடித்ததில் கரை, தீவு, கம்பு வரிசை எதுவும் தெரியவில்லை. கல்லைத் தூக்கச் சொன்னேன், தூக்கினாள். நான் கழியைப் பிடிக்கப் பார்த்தேன். ஒரு கையால் அது முடிகிற காரியமா? அவள் வாங்கி ஊன்றினாள். சேறு கழியைக் கவ்விக்கொண்டது, காற்று படகை முன்னால் தள்ளியது. கழியோடு அவளும் போயிருப்பாள், கையை விட்டதால் தப்பினாள். கழி அங்கேயே நின்றுவிட, நாங்கள் கழியில்லாமல் தெற்கே அடித்துக்கொண்டு போனோம்.

அன்றைக்கு நான் பயந்தது போல என் ஆயுசில் பயந்ததில்லை. எனக்காக இல்லை. கடல் தாண்டி ஒருத்தி, பெற்ற பிள்ளையை என்னை நம்பித் தனியாக அனுப்பியிருக்கிறாளே என்று.

படகு எதன் மீதோ மோதி நின்றது. வலைக் கம்பு! பேத்தி இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, வரும்போது இந்தக் கம்புங்க கூடவேதான வந்தோம்? இதையே புடிச்சுக்கினு போனா கரை வந்துடும் இல்ல?"

நான் எழுந்து தண்ணீரில் இறங்கப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது. அவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். படகின் முனையில் கட்டியிருந்த கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'வேணாம்மா' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டாள். தண்ணீர் அவள் மார்புக்கு இருந்தது.

"ஷூ இருக்குது தாத்தா, ஒண்ணும் ஆவாது. எந்தப் பக்கம் போவணும், அத மட்டும் சொல்லுங்க."

"காத்து முதுகுல வலப்பக்கமா அடிக்கணும். அப்படியே நேரா போ. அதான் மேற்கு, அதான் கரை."

இழுக்க ஆரம்பித்தாள். ஒரு கம்பைப் பிடித்து நிற்பாள், மூச்சு வாங்குவாள், மழைக்குள் கண்ணைச் சுருக்கி அடுத்த கம்பைத் தேடுவாள், தெரிந்ததும் கிளம்புவாள். பள்ளம் வந்த இடத்தில் நீந்தினாள். பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட நீச்சல். நான் நல்ல கையால் டப்பாவைப் பிடித்துப் படகுக்குள் சேர்ந்த தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான்.

பாதி தூரம் வந்திருப்போம். ஒரு கம்பின் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது.

கையால் தடவி இறால் பிடிக்கிற பெண். எங்கள் ஏரியில் நிறையப் பேர் அந்த வேலைக்கு வருவார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி, கூடையை வாயில் கவ்விக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் எடுப்பார்கள். நாற்பது வயசு இருக்கும். கம்பைக் கட்டிப் பிடித்தபடி வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்கள் காற்று வந்ததும் கரைக்கு ஓடியிருக்கிறார்கள், இவள் பின்தங்கியது மழையில் யாருக்கும் தெரியவில்லை. காலில் கெளுத்தி முள் குத்தி, பாதம் வீங்கி, ஊன்ற முடியவில்லை. காற்று தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளித் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தது.

பேத்தி நின்றுவிட்டாள்.

எனக்கு மனசு இரண்டாகக் கிழிந்தது. அந்தச் சின்னத் தோள் என் ஒருத்தன் பாரத்தையே இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வருகிறது. இன்னொரு ஆளா? "பாப்பா, மொதல்ல நீ கரைக்குப் போவணும். போனதும் பெரிய படகை அனுப்பலாம்" என்றேன்.

அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "ஆமாண்ணா, நீங்க போங்க. கொழந்தைய இட்டுக்கினு போங்க. நான் புடிச்சுக்கினு இருக்கேன்." சொல்லும்போதே பல் கிட்டியது.

பேத்தி அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னவென்று சொல்வது! பன்னிரண்டு வயசுப் பிள்ளை மாதிரியே இல்லை.

"ரொம்ப சில்லுனு ஆயிட்டாங்க தாத்தா. நாம போயி ஆளை அனுப்பறதுக்குள்ள கை உட்டுடுவாங்க. ஏத்திக்கலாம். மெதுவா போவலாம்."

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எடையாக இருந்த கல்லைத் தூக்கித் தண்ணீரில் போடச் சொன்னாள், போட்டேன். இறால் கொண்டுவந்த பிளாஸ்டிக் பெட்டியையும் போட்டேன். அவள் கீழேயிருந்து அந்தப் பெண்ணின் இடுப்பைத் தாங்க, நான் ஒரு கையால் தோளைப் பிடித்து இழுக்க, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் மொண்டு, கவிழப் போகிறது என்று நினைத்த நேரத்தில் அந்தப் பெண் உள்ளே உருண்டு விழுந்தாள்.

பேத்தி கயிற்றை மாட்டிக்கொண்டு இழுக்கிறாள், படகு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள், சறுக்கித் தண்ணீருக்குள் மூழ்கி எழுந்தாள். இருமினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். நகர்ந்தது. படகில் இருந்த அந்தப் பெண் கொஞ்சம் உயிர் வந்ததும் விளிம்பில் சாய்ந்து, கைக்கு எட்டிய கம்பையெல்லாம் பிடித்துப் பின்னால் தள்ள ஆரம்பித்தாள். முன்னால் ஒருத்தி இழுக்க, பின்னால் ஒருத்தி தள்ள, நடுவில் நான் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கம்பு கம்பாகக் கரையை நோக்கிப் போனோம். "ஆச்சு பாப்பா, ஆச்சுடா கண்ணு, இன்னும் கொஞ்சம்தான்" என்று அந்தப் பெண் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். பேத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் மூச்சு போதாது.

மழை கொஞ்சம் விட்டதும் பனைமரங்கள் தெரிந்தன. கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். படகுக்காரர் எங்களைத் தேடக் கிளம்பத் தயாராக நின்றார். அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தார்கள். மழைத்திரைக்குள்ளிருந்து கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண் நடந்து வருவதையும், அவள் பின்னால் இரண்டு பெரிய ஆட்களைச் சுமந்துகொண்டு ஒரு படகு வருவதையும் பார்த்து ஒரு நிமிஷம் யாரும் நகரவில்லை. அப்புறம் எல்லோரும் தண்ணீருக்குள் ஓடி வந்தார்கள்.

ஒருவர் தெலுங்கில் கேட்டார், "எவரி பாப்ப இதி?" யார் வீட்டுப் பிள்ளை இது என்று.

எழுந்து நிற்கத் தெம்பில்லை எனக்கு. ஆனாலும் எழுந்து நின்றேன். "நா மனவராலு" என்றேன். என் பேத்தி. அவர் கேட்டது தெலுங்கில், அதனால் தெலுங்கில் சொன்னேன். அப்புறம் அது போதாது என்று தோன்ற, "என் பேத்தி, என் பேத்தி" என்று தமிழிலும் சொன்னேன். கேட்டவரைத் தாண்டி, கரையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி.

அவளை யாரோ துப்பட்டாவால் போர்த்தினார்கள். யாரோ சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். தோளில் கயிறு இழுத்த இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், டீயைக் குடித்துக்கொண்டே படகுக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"தாத்தா… என் மீனு!"

படகு சாய்ந்தபோது நழுவிப் போயிருக்க வேண்டும். எங்களில் யாருமே கவனிக்கவில்லை. ஏங்கி ஏங்கி அழுதாள் பாருங்கள், கூடியிருந்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீங்கின காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண், அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் துண்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யார் கட்டினது? நல்லா கட்டியிருக்காங்க" என்றார். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தவளைக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

சாயந்திரம் மகளுக்கு ஃபோன் போட்டோம். என்னவென்று ஆரம்பிப்பது என்று நான் தயங்க, பேத்தியே வாங்கி, "அம்மா, தாத்தாவுக்குக் கையில சின்னதா அடி. நான் கட்டிட்டேன். அப்புறம் ஒரு ஆன்ட்டிய ஏரிலேர்ந்து இட்டுக்கினு வந்தோம்" என்று ரெண்டே வரியில் முடித்துவிட்டாள். நான் முழுக்கதையையும் சொன்னேன். மகள் என்னை நன்றாகத் திட்டினாள், அது நியாயம்தான். திட்டி முடித்த பிறகு, "நைனா, இங்க கண்ணுல ஷாம்பு பட்டா பில்டிங்கையே கூட்டுறவ நைனா அவ. அவளா இழுத்தா?" என்று கேட்டாள்.

"அவதாம்மா. நானே கண்ணால பாத்தேன்" என்றேன்.

பேத்தி குவைத்துக்குத் திரும்புகிற வாரத்தில் அந்தப் பெண் நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். உயிருள்ள நண்டு ஒரு கூடை கொண்டுவந்திருந்தாள். ஏரியில் அத்தனை துணிச்சலாக இருந்த என் பேத்தி, நண்டைப் பார்த்ததும் அலறிக் கட்டிலில் ஏறி நின்றாள். அவளை இறக்க எங்களுக்கு அரைமணி நேரம் ஆனது.

இப்போது அவள் கனடாவில் வேலை பார்க்கிறாள். என் கையில் அந்தத் தழும்பு கோடாக இருக்கிறது, சுண்டுவிரல் முழுசாக மடங்காது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். கோயில் திருவிழாவிலோ கல்யாணத்திலோ பெரியவர்கள் கூடினால், அங்கே வளர்கிற பேரப்பிள்ளைகள் நம்ம பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள் என்று அலுத்துக்கொள்வார்கள். நான் அந்தப் பேச்சில் சேருவதில்லை. எந்த தேசத்தில் பிறந்து எந்த பாஷையில் படித்தாலும் சரி, நடுத்தண்ணீரில் ஒரு மனுஷி தவித்துக்கொண்டு நின்றால் எங்கள் வீட்டுப் பிள்ளை தாண்டிப் போகாது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் ஒரு தாத்தாவுக்கு என்ன வேண்டும்?